பச்சோந்தி இரவில் நன்றாகத் தூங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பச்சோந்தி வளர்க்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பதில் முக்கால்வாசி இரவைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாக, கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். அளவுகள் பெரும்பாலும் வெயில்டு பச்சோந்திக்கானவை. கடைகளில் அதிகம் கிடைப்பது அதுதான். ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் அதன் சொந்த ஊர். மடகாஸ்கரின் பாந்தர், கிழக்கு ஆப்பிரிக்க மலைகளின் ஜாக்சன் இரண்டும் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பச்சோந்தி ராத்திரி தூங்குமா, இல்ல வீட்டுப் பல்லி மாதிரி முழிச்சிட்டே இருக்குமா?

தூங்கும், நன்றாகவே தூங்கும். வீட்டுப் பல்லி இரவில் பூச்சி பிடிக்கும்; பச்சோந்தி முழுக்க முழுக்கப் பகல் ஆள். கண்ணை நம்பித்தான் அதன் வேட்டை, நடை, பயம் எல்லாமே. இருட்டிவிட்டால் அதற்குச் செய்ய ஒன்றுமில்லை.

12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று டைமரில் போட்டுவிடுங்கள். காலை 7, மாலை 7 பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். கையால் ஸ்விட்ச் போடுகிற வீடுகளில் ஒரு நாள் 7, ஒரு நாள் 11 என்று ஆகிவிடுகிறது. டைமர் பெரிய செலவும் இல்லை.

அது தூங்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நிறம் வெளுத்துவிடும். பகலில் அடர் பச்சையும் பட்டைகளுமாக இருந்தது, தூக்கத்தில் வெளிறிய பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும். கண் மூடியிருக்கும், கண் மேடு சற்று உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். வால் சுருண்டோ கிளையைச் சுற்றியோ இருக்கும். மடகாஸ்கர் காடுகளில் பச்சோந்தியைத் தேடுபவர்கள் இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போவது இதனால்தான். பகலில் கண்ணெதிரே இருந்தாலும் தெரியாதது, இரவில் வெளுத்துப்போய் பளிச்சென்று தெரியும்.

தூக்கத்தில் கண் உள்வாங்குவது சரி. அதே குழி விழுந்த கண் பகலிலும் இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இதை மனதில் வையுங்கள், கீழே மறுபடியும் வரும்.

இரவில எந்த லைட் போடவேணும் அக்கா? கடைக்காரர் சிவப்பு பல்ப் ஒண்டு தந்தவர்.

எந்த விளக்கும் வேண்டாம். சிவப்பும் வேண்டாம், நீலமும் வேண்டாம், நிலா வெளிச்சம் என்று பெட்டியில் போட்டு விற்பதும் வேண்டாம். பச்சோந்திக்கு நிறம் நம்மைவிட நன்றாகத் தெரியும். புற ஊதாவைக்கூடப் பார்க்கும். சிவப்பு வெளிச்சம் அதற்குத் தெரியாது என்பது கடையில் பல்ப் விற்கச் சொல்லும் கதை. இரவு முழுக்க அந்த வெளிச்சத்தில் இருக்கும் பச்சோந்தி கண்ணை மூடினாலும் சரியாகத் தூங்காது; சில வாரத்தில் பகலில் சோர்வாகத் தெரியும், சாப்பாடும் குறையும்.

கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் அலமாரியில் கிடக்கட்டும்.

வெளிச்சத்தை ஒரேயடியா அணைக்கலாமா, கொஞ்சம் கொஞ்சமாவா?

அது படுக்கும் கிளைக்குப் போய்ச் சேர அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். வெயில் காய்கிற பல்பை 6 மணிக்கு அணைத்து, புற ஊதாக் கதிர் தரும் யூவிபி குழாய்விளக்கையும் எல்இடியையும் 7 மணிக்கு அணைத்தால் போதும். சூடு குறைந்ததும் அதற்கே புரிந்துவிடும், இறங்கி நடக்க ஆரம்பித்துவிடும். எல்லாவற்றையும் திடீரென்று அணைத்தால் நடுவழியில் மாட்டிக்கொண்டு, வலைக் கம்பியிலோ கூண்டின் கூரையிலோ தொங்கியபடி இரவைக் கழிக்கும்.

நாங்கள் வாடகை வீட்டில இருக்கிறம். இரவில ஹீற்றர் குறைஞ்சா அதுக்குக் குளிராதோ?

குளிர வேண்டும். பச்சோந்தி இரவில் உடம்பை ஆறவிட்டுத்தான் ஓய்வெடுக்கிறது. ஏமன் மலைச்சரிவுகளில் பகல் வெயில் எவ்வளவு கடுமையோ, இரவு அவ்வளவு குளிர். வளர்ந்த, நோயில்லாத வெயில்டுக்கு இரவில் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் நல்லது. பாந்தருக்கு 18 முதல் 22. ஜாக்சன் மலைவாசி என்பதால் 10 முதல் 15 டிகிரியே அதற்குச் சுகம், நம் வீட்டுச் சூடுதான் அதற்குத் தொல்லை. குஞ்சுகளுக்கு மட்டும் 20 டிகிரியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டுக்கு வீட்டுக்காரர் குறைந்தது 21 டிகிரி சூடு தர வேண்டும் என்பது நகராட்சி விதி. ஆகவே உங்கள் வீட்டில் பச்சோந்தி விறைத்துப்போக வழியே இல்லை. பலருக்கு எதிர்ப் பிரச்சினைதான்: சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்கு நேர் மேலே கூண்டு இருக்கும், இரவில் 25க்குக் கீழே இறங்கவே இறங்காது. கூண்டை நகர்த்துங்கள்.

அப்ப ராத்திரி ஹீட்டரே வேண்டாமா? பேஸ்மென்ட்ல ரொம்பக் குளிருதே.

மேலே சொன்ன அளவுக்கு நன்றாகக் கீழே போனால் மட்டும் வேண்டும். அப்போது வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரை, கட்டாயம் தெர்மோஸ்டாட்டோடு, கூண்டுக்கு வெளியே மேலே வையுங்கள். உள்ளே வைத்தால் தூக்கக் கலக்கத்தில் அதன்மேல் ஏறிச் சுட்டுக்கொள்ளும். சூடு கல், அடியில் ஒட்டும் சூடு பாய் எல்லாம் பச்சோந்திக்கு ஆகாது. இது தரையில் வாழும் பிராணி இல்லை.

முதலில் அளந்து பாருங்கள். உங்களுக்குக் குளிர்கிறது என்பது அளவு இல்லை. இரவின் குறைந்தபட்ச வெப்பத்தைப் பதிந்துவைக்கும் சின்ன டிஜிட்டல் மானியை, அது படுக்கும் கிளைக்குப் பக்கத்தில் மாட்டி, காலையில் பாருங்கள்.

ஹால்லதான் கூண்டு இருக்கு. டிவி 11 மணி வரைக்கும் ஓடும். பரவாயில்லையா?

சத்தத்தைவிட வெளிச்சம்தான் பிரச்சினை. பச்சோந்திக்கு வெளியே காதுத் துளையே கிடையாது. ஏறக்குறைய 200 முதல் 600 ஹெர்ட்ஸ் வரையான தாழ்ந்த ஒலி கொஞ்சம் கேட்கும், மற்றதெல்லாம் மந்தம்தான். ஆனால் அதிர்வு நன்றாகத் தெரியும். சப்வூஃபர் இருக்கிற அதே மேசையில் கூண்டை வைத்தால் ஒவ்வொரு குத்துப் பாட்டும் கிளை வழியாக அதன் காலுக்குப் போகும்.

டிவி வெளிச்சம் மின்னி மின்னி மாறுவதால் கண் திறந்து திறந்து மூடும். முடிந்தால் மாலைக்கு மேல் யாரும் புழங்காத அறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

போர்வை போட்டு மூடிடலாமா?

மூடலாம், முழுக்க இல்லை. வெளிச்சம் வரும் பக்கங்களில் கறுப்பு நிறத்தில் கெட்டியான பருத்தித் துணியைத் தொங்கவிட்டு, மேற்புறத்தையும் ஒரு பக்கத்தையும் காற்றுக்குத் திறந்து விடுங்கள். காற்று ஓடாத ஈரக் கூண்டு நுரையீரலைக் கெடுக்கும்.

துணி போடும் நேரம் முக்கியம். வெயில் பல்ப் அணைந்து நன்றாக ஆறிய பிறகுதான். எரியும் பல்ப் மேல் பழைய பெட்ஷீட்டைப் போடுவது தூக்கப் பிரச்சினையைத் தீ விபத்தாக மாற்றும் வழி. தினமும் போட்டு எடுப்பது சலிப்பாக இருந்தால் கூண்டின் மூன்று பக்கத்துக்கும் நிரந்தரமாக ஒளி புகாத பலகை அடித்துவிடுங்கள். பகலிலும் அதற்கு நிம்மதி.

ராத்திரி பசிக்குமேன்னு நாலு வெட்டுக்கிளி விட்டு வைக்கிறேன். தப்பா?

இருட்டில் அது சாப்பிடாது. கூண்டில் திரியும் சில்வண்டும் வெட்டுக்கிளியும்தான் அதைக் கடிக்கும். குறிப்பாகப் பசித்த சில்வண்டு, தூங்கும் பச்சோந்தியின் கால் விரலையும் கண் ஓரத்தையும் கடித்துப் புண்ணாக்கும். மாலையில் மிச்சத்தைப் பிடித்து வெளியே எடுத்துவிடுங்கள். கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடப் பழக்கினால் இந்தத் தொல்லை இல்லை.

சாப்பாடு காலையிலேயே முடிந்துவிடுவது நல்லது. தின்றதைச் செரிக்க அதற்குச் சூடு வேண்டும். கடைசிக் கவளத்துக்கும் விளக்கு அணைவதற்கும் நடுவே மூன்று, நான்கு மணி நேரமாவது இருக்கட்டும்.

தூங்கும்போது தண்ணீர் தெளிக்கலாமா? ஃபாகர் வாங்கணும்னு சொல்றாங்க.

தூங்கும் உடம்பின்மேல் ஸ்ப்ரே அடித்து எழுப்பாதீர்கள். விளக்கு அணைந்த கையோடு ஒரு தடவையும், காலையில் விளக்கு எரிவதற்குச் சற்று முன் ஒரு தடவையும் இலைகள் நனையத் தெளித்தால் போதும். காலையில் எழுந்ததும் இலையில் நிற்கும் துளியை நக்கிக் குடிக்கும்.

ஃபாகர் என்கிற மூட்டம் போடும் கருவி நல்ல சாமான்தான், குளிர்ந்த இரவில் மட்டும். வறண்ட மண் என்று நாம் நினைக்கும் ஏமனில்கூட மலைச்சரிவுகளில் இரவில் பனிமூட்டம் ஏறும். பச்சோந்தி அதை மூச்சோடு உள்ளிழுத்து உடம்பின் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது. அறை 20 டிகிரிக்குக் கீழே இறங்கி, நன்றாகக் காற்று ஓடும் வலைக் கூண்டாகவும் இருந்தால் நள்ளிரவிலிருந்து விடியும் வரை விட்டு விட்டு ஓடவிடலாம். 24 டிகிரியில் மூட்டம் போட்டால் நுரையீரல் தொற்றுக்கு அழைப்பு வைத்த மாதிரி. வாலைவடிநீர் (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றுங்கள், தொட்டியை வாரம் ஒரு முறையாவது கழுவிக் காயவையுங்கள். கழுவ நேரமில்லாதவர்கள் ஃபாகர் வாங்காமலே இருக்கலாம். காலை, இரவுத் தெளிப்பே போதும்.

தினமும் ஒரே குச்சியோட நுனியிலதான் படுக்குது. அந்தக் குச்சி ரொம்ப மெல்லிசா இருக்கே?

அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. காட்டில் பல பச்சோந்திகள் மெல்லிய கிளை நுனியில்தான் தூங்கும். பாம்பு ஏறி வந்தால் குச்சி ஆடிக் காட்டிக் கொடுத்துவிடும். கூண்டின் மேல் பாதியில், இலை மறைவில், பென்சில் கனத்தில் இரண்டு மூன்று கிடைக்குச்சிகள் கட்டி வையுங்கள். மணி பிளாண்ட், செம்பருத்தி, ஃபைகஸ் மூன்றும் மறைவுக்கு நல்லவை. கூண்டைச் சுத்தம் செய்கிறேன் என்று அந்த ஒரு குச்சியை மட்டும் இடம் மாற்றிவிடாதீர்கள். அன்று இரவு சுற்றிச் சுற்றித் தேடும்.

நித்திரையில இருந்து கீழ விழுந்திட்டுது. ரெண்டு தரம் நடந்திட்டுது.

ஒரு தடவை என்றால் யாரோ கூண்டை இடித்திருக்கலாம், குச்சி வழுக்கியிருக்கலாம். திரும்பத் திரும்ப விழுந்தால் பிடிமானம் போகிறது என்று பொருள். முதலில் சந்தேகிக்க வேண்டியது எலும்பு நோய்: கால்சியமோ யூவிபியோ போதாமல் எலும்பு மெத்துப்போவது. முன்கால் வளைந்திருக்கிறதா, நடக்கும்போது நடுங்குகிறதா, நாக்கு முழுத் தூரம் போகிறதா என்று பாருங்கள்.

யூவிபி குழாய் எரிவதை வைத்து அது வேலை செய்கிறது என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே புற ஊதா வீரியம் குறைந்துவிடும். பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது.

சாயங்காலம் கண்ணு ரெண்டும் புடைச்சு வீங்குது, குச்சியில தேய்க்குது. பயமா இருக்கு!

முதன்முறை பார்ப்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். தூங்கப் போகும் முன் கண் மேட்டை உப்பவைத்து, உருட்டி, குச்சியில் தேய்த்துத் தூசியை வெளியேற்றுகிறது. சில நொடிகள், அதிகம் போனால் இரண்டொரு நிமிடம். அப்புறம் பழையபடி ஆகிவிடும். காலையிலும் வீக்கம் இருந்தாலோ, ஒரு கண் மட்டும் என்றாலோ, நீர், சீழ் வடிந்தாலோதான் மருத்துவர்.

பகல்லயும் கண்ணை மூடிட்டே இருக்கு. ராத்திரி தூக்கம் பத்தலையோ?

இரவு வெளிச்சத்தால் தூக்கம் கெட்டிருக்கலாம். அதைச் சரிசெய்தால் இரண்டொரு நாளில் தெளிந்துவிடும். ஆனால் நல்ல பச்சோந்தி பகலில் தூங்காது. விளக்கு எரியும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது தண்ணீர்க் குறைவு, கண் தொற்று, வைட்டமின் ஏ குறைபாடு, புழு, முட்டைச் சிக்கல் என்று எதுவாகவும் இருக்கலாம். பச்சோந்தி நோயைக் கடைசிவரை மறைக்கும். அது பகலில் கண் மூடுகிறது என்றால் மறைக்கத் தெம்பில்லை என்று எடுத்துக்கொண்டு, வார இறுதி வரை காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

வாயைத் திறந்து, தலையை மேலே தூக்கியபடி தூங்குவதும், மூச்சில் சொடக்குச் சத்தம் வருவதும் இதே அவசரம்தான். மூச்சுக்குழாய் தொற்றாக இருக்கும்.

விருந்தாளிங்க எட்டு மணிக்கு மேலதான் வர்றாங்க. ஒரு நிமிஷம் எழுப்பிக் காட்டலாமா?

நவராத்திரி கொலுவுக்கு வந்த பிள்ளைகள் கெஞ்சும்போது மறுப்பது கஷ்டம்தான். இருந்தாலும் மறுங்கள். இருட்டில் அதற்குக் கண் தெரியாது. தொட்டவர் யார், பாம்பா மனிதனா என்று தெரியாமல் கறுத்துப் போய்ச் சீறும், அல்லது பிடியை விட்டுக் கீழே விழும். பகலில் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள், பிள்ளைகளுக்கு அதிலும் குறையில்லை. மருந்து கொடுக்க வேண்டியிருந்தாலும் மருத்துவர் இரவில்தான் என்று சொல்லாதவரை காலையில் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவோம். அதுக்கு ஏதாவது ஆகுமா?

புகை எதுவானாலும் அதன் மூச்சுக்குக் கெடுதல். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, மிளகாய் தாளிக்கும் நெடி எல்லாம் ஒன்றுதான். அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு மற்ற அறைகளில் போடுங்கள்.

எனக்கு நைட் ஷிஃப்ட். அதோட நேரத்தையும் என் நேரத்துக்கு மாத்திடலாமா?

டைமரை மாற்றினால் விளக்கு மாறும்; வெப்பம் மாறாது. பகலில் ஜன்னல் வெளிச்சம் கசியும், வீடும் சூடாக இருக்கும். இரவுக் குளிர்ச்சி கிடைக்காத தூக்கம் அரைத் தூக்கம்தான்.

ஆனால் நீங்கள் மாற்றவே தேவையில்லை. ஷிஃப்ட் முடிந்து காலை 7 மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள், அதற்கும் அப்போதுதான் விடிகிறது. தெளித்து, 8 மணிக்குச் சாப்பாடு போட்டுவிட்டு நீங்கள் படுத்தால், செரிக்க நாள் முழுக்க இருக்கிறது. இரவில் வீட்டில் விளக்கும் எரியாது. எனக்குத் தெரிந்து நைட் ஷிஃப்ட் ஆட்கள் வளர்க்கும் பச்சோந்திகள்தான் ஒழுங்காகத் தூங்குகின்றன. ஒற்றை அறை வீடு என்றால் கண் மறைப்பு நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச்லயும் நவம்பர்லயும் கடிகாரத்தை மாத்துறோமே, அதுக்கு?

கூண்டு டைமரைத் தொடாதீர்கள். நீங்கள்தான் ஒரு மணி நேரம் தள்ளிப் போகிறீர்கள், அது இல்லை. வைஃபை டைமர் தானாக மாற்றிவிட்டாலும் பெரிய ஆபத்தில்லை, சில நாளில் பழகிவிடும்.

பொண்ணு பச்சோந்தி தரையில படுத்திருக்கு. மண்ணைத் தோண்டிட்டே இருக்கு, ராத்திரியும் மேல ஏறல.

முட்டையிடப் போகிறது. வெயில்டு பெண், ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்கும். ஒரே தடவையில் 30, 40, சில சமயம் அதற்கும் மேலே. 30 செ.மீ. ஆழமாவது ஈர மணல் நிரம்பிய தொட்டி அதற்கு வேண்டும். சுரங்கம் இடியாத அளவுக்கு ஈரம் போதும்.

இந்த நேரத்தில் மட்டும் மேலே சொன்ன கிளை, நுனி எல்லாம் மறந்துவிடுங்கள். சுரங்கத்துக்குள்ளேயே தூங்கும், ஓரிரு நாள் அப்படியே இருக்கும். விளக்கை வழக்கம்போல அணையுங்கள், டார்ச் அடித்து எட்டிப் பார்க்காதீர்கள். பார்ப்பது தெரிந்தால் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடும், முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கு ஆபத்து. தோண்டுவதை நிறுத்திவிட்டு, கண் மூடித் தரையில் கிடந்தால் அன்றே மருத்துவர்.

அதுக்குக் கனவு வருமா?

என் மகளும் இதைத்தான் கேட்டாள். பச்சோந்திக்கு நெருங்கிய உறவு ஓணான் குடும்பம். அதைச் சேர்ந்த ஆஸ்திரேலியத் தாடி ஓணானின் மூளையை ஃபிராங்க்ஃபர்ட்டின் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் பதிவு செய்து, 2016-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ஆழ்ந்த தூக்கமும், நமக்குக் கனவு வரும் கட்டத்தைப் போல மூடிய கண் அசையும் தூக்கமும், ஏறக்குறைய 80 நொடிக்கு ஒரு சுற்றாக மாறி மாறி வந்தன. கனவு என்று அதைச் சொல்லலாமா என்பது வேறு விஷயம். மூடிய இமைக்குள் கண் லேசாக அசைந்தால் எழுந்துவிட்டது என்று நினைத்துக் கிட்டே போகாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தியாவுல அம்மா வீட்டு வேலியில ஒண்ணு பிடிச்சு வெச்சிருக்காங்க. இதே மாதிரி பார்த்துக்கலாமா?

உடனே பிடித்த வேலியிலேயே விடச் சொல்லுங்கள். நம்மூர்ப் பச்சோந்தி தனி இனம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது; வீட்டில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு இனங்களை வளர்ப்பவர்களும் அங்கே அரசிடம் பதிவு செய்ய வேண்டும்.

குளிர்காலத்துல கரண்ட் போயிட்டா ராத்திரி என்ன செய்யிறது? 2013 மாதிரி ஆனா?

2013 டிசம்பர் பனிப்புயலில் டொராண்டோவில் பல வீடுகள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. ஒரு இரவு என்றால் கவலை வேண்டாம். வளர்ந்த வெயில்டு 13 டிகிரி வரை ஒரு இரவைத் தாங்கும். கூண்டைச் சுற்றிப் போர்வை போட்டு, ஜன்னலிலிருந்து தள்ளி, வீட்டின் நடு அறைக்கு நகர்த்துங்கள். தெளிப்பை நிறுத்துங்கள். குளிரில் நனைந்த உடம்பு இன்னும் வேகமாக ஆறும்.

அதற்கும் கீழே இறங்கினால் காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் ஒரு குச்சியோடு அதை விட்டு, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒட்டினாற்போல் வையுங்கள். பெட்டி இருட்டாக இருப்பதால் தூங்கிவிடும். மெழுகுவர்த்தி, கரி அடுப்பு எதையும் அந்த அறையில் கொளுத்தாதீர்கள், கரி அடுப்பு உங்களுக்கும் ஆபத்து. மின்சாரம் வந்து, வெயில் பல்பின் கீழ் உடம்பு நன்றாகச் சூடேறும் வரை சாப்பாடு போடாதீர்கள். ஆறிய வயிற்றில் பூச்சி செரிக்காமல் அழுகும்.